உறை பிரித்த பின் எழுதிய விதி

டெண்டர் என்ற சொல்லுக்குத் தமிழக அரசு அலுவலகங்கள் ஒப்பந்தப்புள்ளி என்று ஒரு பெயர் வைத்திருக்கின்றன. நாளிதழ்களின் உட்பக்கங்களில் பொடி எழுத்தில் அச்சாகும் இச்சொல்லை நாம் பெரும்பாலும் படிக்காமலே கடந்து விடுகிறோம். புள்ளி என்பதற்கு மதிப்பெண் என்றும் ஒரு பொருள் உண்டு. நம் நாட்டில் செல்பேசி பிறந்த கதையே ஒரு புள்ளித் தகராற்றில்தான் தொடங்குகிறது என்பதால் இந்தச் சொற்பொருத்தம் நமக்குச் சற்றுச் சுவையாகவே படுகிறது.

1992ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் செல்பேசிச் சேவை நடத்த இந்திய நிறுவனங்களிடமிருந்து டெண்டர் கோரியது. நகருக்கு இரண்டு உரிமங்கள் வீதம் மொத்தம் எட்டு. அயல்நாட்டுக் கூட்டாளி ஒருவர் உடன் இருக்க வேண்டும். முதலில் தொழில்நுட்பத் தகுதி பார்க்கப்படும். அதில் தேறியவர்களின் நிதி உறைகள் அடுத்த கட்டத்தில் பிரிக்கப்படும். முப்பது நிறுவனங்கள் வந்து நின்றன. வீட்டுத் தொலைபேசிக்கே பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நாட்டில், கையில் எடுத்துச் செல்லும் தொலைபேசிக்கு எத்தனை பேர் பணம் கட்டுவார்கள் என்று டெண்டர் கேட்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது.

இந்த டெண்டர் ஏலம் அன்று. உரிமக் கட்டணத்தை அரசே முன்கூட்டி நிர்ணயித்துவிட்டது. பம்பாய்க்கு முதல் மூன்றாண்டுகளில் முறையே 3, 6, 12 கோடி ரூபாய். சென்னைக்கு 1, 2, 4 கோடி. பிற்காலத்துத் தொகைகளைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இவை சில்லறைக் காசாகத் தோன்றக்கூடும். விலையில் போட்டி இல்லையென்றால் வேறு எதில் போட்டி? வாடிக்கையாளரிடம் எவ்வளவு மாத வாடகை வாங்குவீர்கள், நிதியை எங்கிருந்து திரட்டுவீர்கள், அன்னியச் செலாவணி எவ்வளவு கொண்டுவருவீர்கள், உங்கள் கூட்டாளியின் அனுபவம் என்ன என்பன போன்ற கேள்விகளுக்குக் குழுக்கள் கூடி மதிப்பிட்டுப் புள்ளியிட்டன. தொலைத்தொடர்பு வட்டாரத்தில் இம்முறைக்கு அழகுப் போட்டி என்று ஒரு கேலிப்பெயர் உண்டு. அழகிப் போட்டி மேடையில் நடுவர் ஏன் இவருக்கு எட்டும் அவருக்கு ஏழும் போட்டார் என்று யாரும் கேட்பதில்லை. தோற்றவர் புன்னகையோடு கைதட்ட வேண்டும் என்பது மரபு. நிறுவனங்களுக்கு அப்படி ஒரு மரபு இல்லை.

1992 அக்டோபரில் தேர்வானவர்களின் பெயர்கள் வெளியாயின. உடனே தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் குவிந்தன. குற்றச்சாட்டுகள் பலவிதம். குழுவில் இருந்த ஓர் உயர் அதிகாரியின் மகன், தேர்வான நிறுவனம் ஒன்றின் குழுமத்தில் வேலை பார்க்கிறார் என்றது ஒன்று. மேல்மட்டக் குழுவைத் தாண்டி முடிவெடுக்கப்பட்டது என்றது இன்னொன்று. நமக்கு முக்கியமாகப் படுவது, டெண்டர் ஆவணத்தில் சொல்லப்படாத அளவுகோல்கள் மதிப்பீட்டின்போது நுழைந்துவிட்டன என்ற புகார். எந்தக் கேள்விக்கு எத்தனை மதிப்பெண் என்று தெரியாமல் தேர்வு எழுதச் சொன்னார்கள் என்பதே அதன் சாரம். அடுத்த இருபதாண்டுகளில் இந்த நாடு கண்ட தொலைத்தொடர்புத் தகராறுகள் அனைத்திலும் இந்தப் புகார் ஏதேனும் ஒரு வேடத்தில் வந்துகொண்டே இருந்தது.

1993இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அதையொட்டிப் பட்டியல் மாறியது. உள்ளே இருந்த சிலர் வெளியே வந்தனர், வெளியே இருந்த சிலர் உள்ளே போயினர். அப்படித் தில்லியில் இடம் இழந்த நிறுவனங்களுள் ஒன்று டாடா செல்லுலார். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. தலைமை நீதிபதி எம்.என்.வெங்கடாசலய்யா தலைமையிலான மூவர் அமர்வு 1994 ஜூலை 26 அன்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி எஸ்.மோகன். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர், சென்னை உயர் நீதிமன்றத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர், கவிதைகளும் எழுதியவர் என்பதை இலக்கிய வாசகர்களுக்காக இங்கே குறித்து வைக்கிறோம். தீர்ப்பில் கவிதையின் சாயல் ஏதும் இல்லை. சட்டக் கல்லூரி மாணவர்கள் பெருமூச்சு விடும் அளவுக்கு நீளமும் மேற்கோள்களும் கொண்ட தீர்ப்பு அது.

அரசு ஒரு டெண்டரை ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்கு மறுக்கும்போது நீதிமன்றம் எதைப் பார்க்கலாம்? இதற்கு மோகன் அளித்த விடையே அத்தீர்ப்பின் உயிர். முடிவு சரியா தவறா என்று நீதிமன்றம் பார்க்காது. முடிவு எடுக்கப்பட்ட விதத்தை மட்டுமே பார்க்கும் என்றார். நீதிமன்றம் மேல்முறையீட்டு மன்றமாகி அமர்ந்து மதிப்பெண்களைத் திருத்தப் புகுந்தால், தன்னிடம் இல்லாத நிபுணத்துவத்தைத் தனதென்று பாவிப்பதாகிவிடும். டெண்டரின் நிபந்தனைகள் இன்னவாக இருக்க வேண்டும் என்று சொல்வதும் நீதிமன்றத்தின் வேலை அன்று. அரசுக்குக் கொஞ்சம் கைவீச இடம் வேண்டும். ஆனால் அந்த முடிவு தன்னிச்சையாகவோ, ஒருதலைச்சார்பாகவோ, கெட்ட நோக்கத்துடனோ, எந்த நியாயமான மனிதரும் எடுத்திருக்க முடியாததாகவோ இருக்கலாகாது.

இறுதியாகச் சொன்ன அந்த அளவுகோலுக்கு வெட்னஸ்பரி கோட்பாடு என்று பெயர். இங்கிலாந்தில் வெட்னஸ்பரி என்றொரு சிற்றூர். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் படம் காட்ட உரிமம் தந்த நகராட்சி, பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைக் கொட்டகைக்குள் விடக்கூடாது என்று நிபந்தனை போட்டது. கொட்டகைக்காரர்கள் வழக்குத் தொடுத்து 1947இல் தோற்றார்கள். ஒரு கீற்றுக் கொட்டகைத் தகராறு போன்ற இந்த வழக்கில் பிறந்த அளவுகோல்தான் அரைநூற்றாண்டு கழித்து இந்தியாவின் செல்பேசி உரிமங்களை நிறுத்துப் பார்த்தது. சட்டத்தின் வம்சாவளிகள் நாவலாசிரியர்களின் கற்பனையை வெட்கப்படச் செய்பவை.

மகன் வேலை பார்த்த விவகாரத்தில் நீதிமன்றத்தின் விடை சுவையானது. அந்த அதிகாரி வகித்த பதவிக்குத் தந்திச் சட்டம் தனி அதிகாரம் கொடுத்திருக்கிறது. அவரை விலக்கினால் அவ்விடத்தில் அமர வேறு ஆள் இல்லை. ஆகவே தவிர்க்கவியலாமை என்ற விதி பொருந்தும் என்றது. தர்க்கத்தில் பிழை காண முடியவில்லை. மனம் மட்டும் முழுதாக ஒப்ப மறுக்கிறது. மாற்று ஆள் இல்லாத பதவியைச் சட்டமே உண்டாக்கிவிட்டால், பிறகு சார்பு பற்றி எவ்வளவு பேசினாலும் அது பேச்சாகவே நின்றுவிடுகிறது.

1994 இறுதியில் உரிமங்கள் வழங்கப்பட்டன. சென்னை ஸ்கைசெல்லுக்கும் ஆர்.பி.ஜி. செல்லுலாருக்கும் போயிற்று. மாத வாடகையின் உச்சவரம்பு 156 ரூபாய். நெரிசல் நேரத்தில் ஒரு நிமிடப் பேச்சுக்கு 16 ரூபாய் 80 காசு வரை வாங்கலாம். 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியது முதல் அழைப்பாகப் பதிவாகியிருக்கிறது. டாடா செல்லுலாருக்கு நான்கு நகரங்களில் ஒன்றும் கிடைக்கவில்லை. பின்னர் ஆந்திர வட்டம் கிடைத்தது. நகர உரிமத்தில் தோற்ற அந்நிறுவனத்தின் பெயரோ, சாலை, பாலம், மதிய உணவு முட்டை என்று எந்த டெண்டர் வழக்கானாலும் இன்றும் உயர் நீதிமன்றங்களில் நாள்தோறும் உச்சரிக்கப்படுகிறது.

மதிப்பெண் முறை வம்புகளைக் கண்டு சலித்த அரசு அடுத்த முறை பணத்தை மட்டுமே பார்க்கலாம் என்று முடிவு செய்தது போலும். 1995இல் நாட்டைத் தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பிரித்து, அடிப்படைத் தொலைபேசிச் சேவைக்கும் செல்பேசிக்கும் டெண்டர் விடப்பட்டது. உரிமக் கட்டணமாக அதிகம் தருபவருக்கே முன்னுரிமை. எண்களுக்கு முகதாட்சணியம் கிடையாது, ஆகவே இம்முறை தகராறு வராது என்று நம்பியிருக்க வேண்டும்.

ஆகஸ்டில் நிதி உறைகளைப் பிரித்தபோது எல்லோரும் திகைத்தனர். இமாச்சலத்தில் தொழிற்சாலை வைத்திருந்த எச்.எப்.சி.எல். என்ற நிறுவனத்தின் கூட்டணி ஒன்பது வட்டங்களில் முதலிடம் பிடித்திருந்தது. பதினைந்து ஆண்டுகளில் அது கட்டுவதாகச் சொன்ன தொகை சுமார் 85,000 கோடி ரூபாய். அதன் ஆண்டு விற்றுமுதலோ சில நூறு கோடிகளைத் தாண்டாதது. ஒன்பதையும் கொடுத்தால் அந்நிறுவனம் கட்ட முடியாமல் சாயும்; கொடுக்காவிட்டால் டெண்டர் விதி சாயும். இந்த இடத்தில் அமைச்சகம் ஒரு புதிய விதியைக் கொண்டுவந்தது. பெரிய வட்டங்களில் ஒரு நிறுவனத்துக்கு மூன்றுக்கு மேல் கிடையாது என்பது அது. எச்.எப்.சி.எல். தனக்கு உகந்த மூன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றிலிருந்து அபராதமின்றி விலகிக்கொள்ள வழி பிறந்தது.

இவ்விதி தன்னளவில் தவறானதா? இல்லை என்றே நாம் கருதுகிறோம். நாட்டின் பாதித் தொலைபேசியை ஒரு நிறுவனம் கைப்பற்றுவதைத் தடுப்பது எந்த அரசுக்கும் கடமைதான். இதே வரம்பு ஜனவரியில் டெண்டர் ஆவணத்தின் ஒரு பத்தியாக இருந்திருந்தால் யாரும் புருவம் உயர்த்தியிருக்க மாட்டார்கள். உறைகள் பிரிந்து, எந்தப் பெயருக்கு எதிரே எந்த எண் என்று தெரிந்த பிறகு வந்ததால் அதே பத்தி ஒரு நிறுவனத்துக்காக வெட்டித் தைத்த சட்டையாயிற்று. அந்நிறுவனமும் அமைச்சர் சுக்ராமும் ஒரே மாநிலத்தைச் சேர்ந்தவர்கள் என்பது சந்தேகத்துக்கு நெய் வார்த்தது. டிசம்பரில் எதிர்க்கட்சிகள் நாடாளுமன்றத்தை நாள்கணக்கில் நடக்கவிடாமல் முடக்கின. விவகாரம் தில்லி அறிவியல் மன்றம் தொடுத்த வழக்காக உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 1996 பிப்ரவரி 19 அன்று நீதிமன்றம் தலையிட மறுத்தது. தனியாரிடம் தொலைபேசியை ஒப்படைப்பது கொள்கை முடிவு, கெட்ட நோக்கம் நிறுவப்படவில்லை என்ற வழியில் அத்தீர்ப்பு சென்றது.

அவ்வாண்டு ஆகஸ்டில் சி.பி.ஐ. சுக்ராமின் வீடுகளைச் சோதனையிட்டு சுமார் 3.6 கோடி ரூபாய் ரொக்கத்தைக் கைப்பற்றியது. படுக்கைக்கும் பூஜையறைக்கும் இடையே கட்டுகள் கிடந்ததாக அன்றைய பத்திரிகைகள் எழுதியதில் ஒரு தலைமுறையே ஊழலுக்கு ஒரு காட்சிப் படிமத்தைப் பெற்றது. பின்னர் அவர் தண்டனை பெற்றதும் உண்மையே. ஆனால் எதற்காக என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 2002இல் வந்த தண்டனை, ஐதராபாத் நிறுவனம் ஒன்றிடம் கருவிகள் வாங்கியதில் அரசுக்கு 1.66 கோடி ரூபாய் இழப்பு ஏற்படுத்தியதற்கு. 2009இல் வருமானத்துக்கு மீறிய சொத்துக்கு. 2011இல் வந்தது ஒரு கேபிள் கொள்முதலில் 3 லட்சம் ரூபாய் லஞ்சம் வாங்கியதற்கு. நாடாளுமன்றத்தை முடக்கிய அந்த 85,000 கோடி ரூபாய் டெண்டருக்காக எவரும் சிறை செல்லவில்லை. கேபிளுக்கு நீளம் உண்டு, விலை உண்டு, ரசீது உண்டு. ஒரு கொள்கை விதி ஏன் ஜனவரியில் தோன்றாமல் உறை பிரித்த பிறகு தோன்றியது என்பதற்கு எந்த ரசீதும் இல்லை.

அந்த டெண்டரின் பின்கதை சுருக்கமானது. விட்டுப்போன வட்டங்களுக்கு மறு டெண்டர் விட்டபோது வந்தவர்கள் வெகு சிலர். முடிவில் நாடெங்கும் அடிப்படைத் தொலைபேசிக்குக் கையெழுத்திட்ட தனியார் நிறுவனங்கள் ஆறே ஆறு. எச்.எப்.சி.எல். குழுமம் பிற்காலத்தில் சேவை நடத்தியது பஞ்சாபில். செல்பேசி நிறுவனங்களும் தாம் எழுதிக்கொடுத்த தொகையைக் கட்ட இயலாமல் தத்தளித்தன. 1999இல் வந்த புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, நிலையான கட்டணத்தை விட்டு வருவாயில் பங்கு தரும் முறைக்கு மாற அனைவருக்கும் அனுமதி தந்தது. அதனால்தான் செல்பேசி பிழைத்தது, நிமிடத்துக்கான விலை இறங்கியது, மீன் விற்பவர் கைக்கும் கருவி வந்தது. இதை மறுப்பதற்கில்லை. எனினும் 1995இல் தன்னால் கட்ட முடிந்ததை மட்டும் நேர்மையாக எழுதித் தோற்றவர் ஒருவர் இருந்திருப்பாரே, அவரை நாம் அடிக்கடி நினைத்துக்கொள்கிறோம். வென்றவர் எழுதிய எண் நான்காண்டுகளில் தள்ளுபடியாயிற்று. தோற்றவருக்கு மறு தேர்வு வைக்கப்படவில்லை.

மதிப்பெண்ணும் பணமும் ஆயிற்று. அடுத்து வந்தது வரிசை. முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறையைவிட எளியது உலகில் உண்டா? ரேஷன் கடையில் நின்ற எவருக்கும் அது புரியும். வரிசையில் பையையோ செங்கல்லையோ வைத்துவிட்டுப் போகலாமா என்ற சச்சரவும் அவருக்குத் தெரியும். 2007இல் தொலைத்தொடர்புத் துறை இரண்டாம் தலைமுறை உரிமங்களுக்கு அக்டோபர் 1 வரை விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தது. 46 நிறுவனங்களிடமிருந்து 575 விண்ணப்பங்கள் வந்தன. 2008 ஜனவரி 10 அன்று பிற்பகலில் துறை ஓர் அறிவிப்பை வெளியிட்டது: செப்டம்பர் 25 வரை வந்த விண்ணப்பங்கள் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும். அன்று மாலை 3.30க்கு சஞ்சார் பவனுக்கு வந்து கடிதத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டும். யார் முதலில் விண்ணப்பித்தார் என்பது போய், கடிதத்தின் நிபந்தனைகளை யார் முதலில் நிறைவேற்றுகிறார் என்பது வரிசையைத் தீர்மானித்தது. நாடு முழுமைக்குமான உரிமத்தின் விலை 2001இல் நிர்ணயித்த அதே 1,658 கோடி. இத்தனை பெரிய தொகைக்கான வங்கி வரைவோலையை அந்த ஒரு பிற்பகலில் நீட்ட முடிந்தவர்கள், அந்தப் பிற்பகல் வரப்போவதை முன்பே அறிந்திருக்க வேண்டும் என்று ஊகிப்பதற்குப் பெரிய மதிநுட்பம் தேவையில்லை.

இந்தக் கதையை வாசகர்கள் நன்கறிவர். தமிழகத்தில் அது தேர்தல் மேடைகளில் வேண்டிய மட்டும் சொல்லப்பட்டாயிற்று. 2010 நவம்பரில் கணக்குத் தணிக்கையர் வெளியிட்ட 1.76 லட்சம் கோடி ரூபாய் என்ற எண் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. அவ்வாண்டு மே மாதம் மூன்றாம் தலைமுறை அலைக்கற்றை ஏலத்தில் அரசுக்கு 67,719 கோடி கிடைத்திருந்ததால் அந்த ஒப்பீடு எளிதாயிற்று. அந்த எண் ஓர் ஊகம். அதைப் பற்றி இருதரப்பும் ஆயிரம் பக்கம் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். 2012 பிப்ரவரி 2 அன்று 122 உரிமங்களையும் ரத்து செய்த உச்ச நீதிமன்றம் பெருமளவு ஊன்றி நின்றது எண்ணின் மீது அன்று, தேதியின் மீதும் அந்தப் பிற்பகலின் மீதும்தான். மோகன் 1994இல் திறந்து வைத்திருந்த சிறு கதவின் வழியாகவே அமர்வு உள்ளே நுழைந்தது எனலாம். அவர் சொன்னது முடிவெடுத்த விதத்தைப் பார் என்பது. விண்ணப்பங்கள் மேசைக்கு வந்த பிறகு கடைசித் தேதியைப் பின்னோக்கி நகர்த்துவது அந்த விதத்திலேயே விழுந்த ஓட்டை.

இயற்கை வளங்களை ஏலத்தில்தான் விட வேண்டும் என்று அத்தீர்ப்பு சொன்னதை அவ்வாண்டு செப்டம்பரிலேயே ஐவர் அமர்வு சற்றுத் தளர்த்தியது. ஏலம் ஒன்றே அரசியல் சாசனம் ஏற்கும் வழி என்பதில்லை என்று விளக்கம் தந்தது. குற்றவியல் வழக்கோ தன் வழியே நடந்து, 2017 டிசம்பர் 21 அன்று தில்லித் தனி நீதிமன்றத்தில் அமைச்சர் ஆ.ராசா உள்ளிட்ட அனைவரின் விடுதலையில் முடிந்தது. ரத்துத் தீர்ப்பும் விடுதலைத் தீர்ப்பும் ஒன்றையொன்று பொய்யாக்குவதாக இரு அணிகளும் வாதிட்டன. அப்படி இருக்க வேண்டியதில்லை. விதி தாமதமாக எழுதப்பட்டது என்பதற்குத் தேதியிட்ட தாள் போதும். யாருக்காக எழுதப்பட்டது என்பதற்குச் சாட்சி வேண்டும். விடுதலையை எதிர்த்த சி.பி.ஐ.யின் மேல்முறையீட்டை 2024 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது.

சென்னையின் முதல் இரு நிறுவனங்களும் இன்று இல்லை. ஸ்கைசெல் ஏர்டெல்லில் கலந்தது. ஆர்.பி.ஜி. செல்லுலார் ஏர்செல்லிடம் போயிற்று. அந்த ஏர்செல்லும் 2018இல் திவாலானது. 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய தந்திச் சட்டத்தின் இடத்தில் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தை இயற்றியது. அலைக்கற்றையை ஏலத்தில் விட வேண்டும் என்று அதன் நான்காம் பிரிவு கூறுகிறது. ஏலமின்றிக் கொடுக்கத்தக்க பயன்களை முதல் அட்டவணை வரிசையாகச் சொல்லிவிடுகிறது. சில செயற்கைக்கோள் சேவைகளும் அதில் அடக்கம். அந்த அட்டவணையை அறிவிக்கை ஒன்றின் மூலம் அரசு திருத்திக்கொள்ளும் அதிகாரமும் அதே பிரிவில் இருக்கிறது.